சதாம் வாங்கிய 4,000 பிளேஸ்டேஷன்கள்

கேள்வி இதுதான்: “ஜப்பான் அரசு ஒரு காலத்தில் பிளேஸ்டேஷன் 2-ஐ ஆயுதம் தொடர்பான பொருள் என்று சொல்லி ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்ததாமே? சதாம் உசேன் 4,000 பெட்டிகளை வாங்கி ஏவுகணை செய்தார் என்றும் ஒரு தகவல் சுற்றுகிறது. வீடியோ கேம் பெட்டியை வைத்து ஏவுகணையை ஓட்ட முடியுமா?”

கட்டுப்பாடு உண்மை. 4,000 பெட்டிக் கதை அன்றைக்குச் செய்தியாக வந்ததும் உண்மை. அது நடந்தது என்பதற்கு இதுவரை ஒரு சான்றும் வரவில்லை. ‘ஏவுகணை செய்தார்’ என்பது அந்தச் செய்தியிலேயே இல்லை. கருப்பாக வாந்தி எடுத்தான் என்று தொடங்கிய பேச்சு, நாலு தெரு தாண்டியதும் காக்கை காக்கையாக வாந்தி எடுத்தான் என்று ஆகுமே, அதுதான் இங்கேயும் நடந்தது. ஆனால் கருப்பாக ஏதோ வந்தது என்பதை மறுக்க முடியாது. அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன். நான் எம்பெடட் மென்பொருள், அதாவது கருவிகளுக்குள்ளேயே ஓடும் நிரல், எழுதிப் பிழைப்பவன். வெளிநாட்டிலிருந்து சிப் தருவிக்கும் காகிதங்களில் கையெழுத்துப் போடுவதும் என் வேலையில் ஒரு பகுதி என்பதால், இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் சொந்த எரிச்சலும் உண்டு.

பிளேஸ்டேஷன் 2 ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 2000 மார்ச் 4. விலை 39,800 யென். அடுத்த மாதமே அந்நாட்டின் சர்வதேச வர்த்தக, தொழில் அமைச்சகம் அந்தப் பெட்டியையும் அதன் 8 மெகாபைட் மெமரி கார்டையும் ‘மரபு ஆயுதங்களுடன் தொடர்புள்ள பொதுப் பயன்பாட்டுப் பொருள்’ என்ற வகையில் சேர்த்தது. இந்தத் தொடரைக் கவனமாகப் படியுங்கள். ஆயுதம் என்று அது சொல்லவில்லை. வீட்டிலும் பயன்படும், ஆயுதத்திலும் பயன்படக்கூடும் என்கிற பொருட்களுக்கான பட்டியல் அது. அந்தப் பட்டியலில் இயந்திரக் கருவிகளும், சில உலோகங்களும், அளவைக் கருவிகளும் அமைதியாக உட்கார்ந்திருக்கும். அவை யாருக்கும் செய்தி அல்ல. குழந்தைகள் வரிசையில் நின்று வாங்கிய பொம்மை உள்ளே வந்ததும் உலகச் செய்தி ஆகிவிட்டது.

விதி என்னவென்றால், 50,000 யெனுக்கு மேற்பட்ட மதிப்பில் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். ஒரு பெட்டி 39,800 யென் என்பதால், சுற்றுலா வந்தவர் ஒன்றை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போனால் வரம்புக்குள் இருக்கிறார். தம்பிக்கும் ஒன்று என்று இரண்டாவதை எடுத்தால் 79,600 யென். தாளில் பார்த்தால் அவர் அனுமதியில்லாத ஏற்றுமதியாளர். மீறினால் ஐந்து ஆண்டுவரை சிறை என்று சட்டம் சொன்னது. மிகப் பெரிய சிக்கல் சோனி நிறுவனத்துக்குத்தான், ஏனென்றால் அமெரிக்கச் சந்தைக்கு லட்சக்கணக்கில் அனுப்ப வேண்டியவர்கள் அவர்கள். அனுமதி என்பது தடை அல்ல. காகிதம் சரியாக இருந்தால் சரக்கு போகும். அக்டோபர் 26 அன்று அமெரிக்கக் கடைகளில் 299 டாலருக்கு அது விற்பனைக்கு வந்துவிட்டது.

ஏன் பட்டியலில் சேர்த்தார்கள் என்பதற்கு அன்றைக்குச் சொல்லப்பட்ட காரணம், படங்களை மிக வேகமாகக் கையாளும் திறன் அதற்கு இருக்கிறது, ஏவுகணையை வழிநடத்தும் கருவிகளுக்கும் அதே திறன்தான் தேவை என்பது. இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் பலர். முழுக்கச் சிரிப்பதற்கில்லை. அமெரிக்காவின் டோமஹாக் ஏவுகணை இலக்கை நெருங்கும்போது கீழே தெரியும் காட்சியைக் கேமராவில் பிடித்து, முன்பே நினைவகத்தில் ஏற்றிவைத்த படத்தோடு ஒப்பிட்டுத் தன் பாதையைத் திருத்திக்கொள்ளும் முறை ஒன்றைக் கொண்டிருந்தது. படத்தோடு படம் ஒப்பிடும் அந்த வேலை முழுக்கப் பெருக்கலும் கூட்டலும்தான். விளையாட்டில் முப்பரிமாணக் காட்சியை வரையும் வேலையும் அதேதான். மெமரி கார்டு விஷயம் வேறு: விளையாட்டைத் திருட்டுத்தனமாக நகலெடுப்பதைத் தடுக்க மேஜிக்கேட் என்ற குறியாக்க முறையை அதற்குள் வைத்திருந்தார்கள். குறியாக்கத்துக்குப் பல நாட்டு ஏற்றுமதிப் பட்டியல்களில் தனி இடம் உண்டு. தீப்பெட்டி அளவுக்குச் சற்றுப் பெரிதான, நாம் விளையாட்டின் கட்டங்களைச் சேமித்துவைக்கிற அந்தக் கருப்பு அட்டையும் பட்டியலுக்குள் போனது அப்படித்தான்.

ஜப்பானிய அதிகாரிகள் இதில் இவ்வளவு முன்ஜாக்கிரதையாக இருந்ததற்கு ஒரு பழைய சூடு இருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் தோஷிபாவின் துணை நிறுவனம் ஒன்று, ஒன்பது அச்சுகளில் இயங்கும் பெரிய கடைசல் இயந்திரங்களை லெனின்கிராட் கப்பல் தளத்துக்கு விற்றது. காகிதத்தில் அவை குறைந்த திறனுள்ள சாதாரண இயந்திரங்கள் என்று எழுதப்பட்டிருந்தன. அவற்றைக் கட்டுப்படுத்தும் கணினிப் பகுதி நார்வேயின் கோங்ஸ்பெர்க் நிறுவனத்தில் இருந்து போனது. அந்த இயந்திரங்களால் நீர்மூழ்கிக் கப்பலின் சுழலிகளைச் சத்தம் குறைவாகச் சுழலும்படி கடையலாம் என்பது அமெரிக்காவின் கோபம். 1987-இல் விஷயம் வெளியே வந்தபோது, அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு வெளியே புல்வெளியில் நின்று, தோஷிபா ரேடியோ கேசட் பெட்டி ஒன்றைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கினார்கள். குற்றம் செய்தது கடைசல் இயந்திரம், அடிவாங்கியது பாட்டுப் பெட்டி! தோஷிபாவின் தலைவரும் நிர்வாகத் தலைவரும் பதவி விலகினார்கள். பதின்மூன்று ஆண்டு கழித்து வந்த பிளேஸ்டேஷன் 2-இன் மூளையான ‘எமோஷன் எஞ்சின்’ சிப், சோனியும் அதே தோஷிபாவும் சேர்ந்து உருவாக்கியது. டோக்கியோவில் கோப்பைப் புரட்டிய அதிகாரிக்குப் புல்வெளிச் சம்மட்டி நினைவுக்கு வந்திருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இது என் ஊகம்தான்.

இந்தப் பட்டியல்கள் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். பனிப்போர்க் காலத்தில் சோவியத் முகாமுக்கு நுட்பம் போகாமல் தடுக்க மேற்கு நாடுகளும் ஜப்பானும் சேர்ந்து கோகாம் என்ற அமைப்பை நடத்தின. 1994-இல் அதை மூடிவிட்டு, 1996-இல் வாசெனார் உடன்பாடு என்ற புதிய ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். இந்தியா அதில் சேர்ந்தது 2017 டிசம்பரில். பட்டியல் போடுகிறவருக்கு ஒரு பெரிய தொல்லை உண்டு: பொருளைப் பார்த்து அதை வாங்குபவரின் மனதைப் படிக்க முடியாது. அதனால் அளவுகோலைப் பிடித்து எண்ணைப் பார்க்கிறார்கள். கணினி என்றால் நொடிக்கு இத்தனை மில்லியன் கணக்கு என்று ஒரு கோடு. கோட்டுக்கு மேல் போனால் அனுமதி வாங்கு. கோடு போட்டவர் ஆராய்ச்சிக் கூடத்துப் பெரிய இயந்திரத்தை மனதில் வைத்துப் போட்டிருப்பார். நாலு வருடத்தில் பொம்மைக் கடைச் சரக்கு அந்தக் கோட்டைத் தாண்டிக் குதித்துவிடும்.

1999-இல் ஆப்பிள் நிறுவனத்தின் பவர் மேக் ஜி4 இப்படித்தான் மாட்டியது. அமெரிக்காவில் அப்போது இந்தியா, சீனா, ரஷ்யா, பாகிஸ்தான், இஸ்ரேல் உள்ளிட்ட ‘மூன்றாம் அடுக்கு’ நாடுகளின் இராணுவத் தொடர்புள்ள வாடிக்கையாளர்களுக்கு நொடிக்கு 2,000 மில்லியன் கணக்கு என்பதே வரம்பு. மேசைக் கணினி அதைத் தாண்டிவிட்டது. ஆப்பிள்காரர்கள் அழவில்லை, பீரங்கி வண்டிகள் சூழ்ந்து காவல் காக்க நடுவில் மேக் நிற்பதுபோல விளம்பரம் எடுத்து, அரசே ஆயுதம் என்று சொன்ன முதல் வீட்டுக் கணினி என்ற பொருளில் பெருமையடித்துக்கொண்டார்கள். சில மாதங்களில் அந்த வரம்பு 6,500 ஆக உயர்ந்தது. விளம்பரம் மட்டும் மனதில் நின்றது. ஒரு கருவிக்கு ‘ஏற்றுமதிக் கட்டுப்பாடு’ என்ற முத்திரை விழுவதைவிடச் சிறந்த விற்பனைப் பேச்சு எதுவும் இல்லை என்பதை அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார்கள். பிளேஸ்டேஷன் செய்தி வந்தபோது சோனிக்கும் அதில் நஷ்டம் இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

மூன்றாம் அடுக்கு என்பது நமக்குக் காகிதக் கதை அல்ல. 1980-களில் வானிலைக் கணிப்புக்காக இந்தியா அமெரிக்காவின் கிரே நிறுவனத்திடம் சூப்பர் கணினி கேட்டது. கேட்டது ஒன்று, நீண்ட பேச்சுக்குப் பிறகு 1988-இல் கிடைத்தது அதைவிடச் சிறியது, எக்ஸ்-எம்பி 14. மழையைக் கணிக்கும் கணக்கும் அணுகுண்டு வெடிப்பைக் கணிக்கும் கணக்கும் ஒரே இயந்திரத்தில் ஓடும் என்பதுதான் அவர்கள் தயக்கம். அதே 1988-இல் புனேயில் சி-டாக் நிறுவனம் தொடங்கப்பட்டது. விஜய் பட்கர் தலைமையில் 1991-இல் பரம் 8000 வந்தது. அவர்கள் புதிதாக ஒரு மாபெரும் சிப்பைச் செய்யவில்லை. டிரான்ஸ்பியூட்டர் என்ற, சந்தையில் கிடைத்த சிறிய சிப்புகளை வரிசையாகக் கட்டி, வேலையைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். ஊர் கூடித் தேர் இழுப்பதுபோல.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சதாம் கதையைக் கேலி செய்பவர்கள் ‘பத்துப் பொம்மையைக் கட்டினால் சூப்பர் கணினி ஆகிவிடுமா’ என்று கேட்கிறார்கள். ஆகும். நாமே செய்திருக்கிறோம். கதையின் ஓட்டை அங்கே இல்லை.

2000 டிசம்பரில் வேர்ல்ட்நெட்டெய்லி என்ற அமெரிக்க இணையச் செய்தித்தளம் ஒரு செய்தி வெளியிட்டது. அமெரிக்கப் பாதுகாப்பு உளவு முகமையின் இரகசிய அறிக்கை என்று சொல்லி, முந்தைய இரண்டு மூன்று மாதங்களில் 4,000 பிளேஸ்டேஷன் 2 பெட்டிகள் அமெரிக்காவில் வாங்கப்பட்டு இராக்குக்குப் போயிருக்கின்றன என்றது. 12 முதல் 15 பெட்டிகளை இணைத்தால் ஆளில்லா விமானம் ஒன்றைக் கட்டுப்படுத்தும் அளவுக்குக் கணிப்புத் திறன் கிடைக்கும் என்றது. இராக்மீது 1990 ஆகஸ்டில் இருந்து ஐ.நா. பொருளாதாரத் தடை இருந்தது. கணினி வாங்குவதற்கே தடைக்குழுவின் முன் நிற்க வேண்டும். பொம்மை என்று சொன்னால் சுங்கத்தில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்பது கதையின் தர்க்கம்.

அந்த டிசம்பரின் மனநிலையையும் சேர்த்துப் பாருங்கள். அமெரிக்காவில் முதல் கட்டமாக பத்து லட்சம் பெட்டிகள் தருவதாகச் சொன்ன சோனி, உற்பத்தி எட்டாமல் ஐந்து லட்சத்தோடு நிறுத்தியது. கிறிஸ்துமஸ் நெருங்குகிறது, கடையில் சரக்கு இல்லை, இணைய ஏலத்தில் 1,000 டாலருக்கும் மேல் போகிறது. பிள்ளைக்கு வாங்கித்தர முடியாமல் கடை கடையாக அலைந்த அப்பாவிடம் ‘சதாம் 4,000 வாங்கிவிட்டார்’ என்று சொன்னால் அவர் நம்பத் தயாராகத்தான் இருப்பார். கதை எழுந்த காலமே அதற்குப் பாதிச் சான்று ஆகிவிட்டது. இன்னொரு பாதிச் சான்றை ஏப்ரல் மாதத்து ஜப்பானிய அறிவிப்பு கொடுத்தது: அரசாங்கமே ஏவுகணை என்று சொல்லியிருக்கிறதே! நான் இந்த வதந்தியில் கவனிக்கும் விஷயம் இதுதான். விதி ‘முடியக்கூடும்’ என்கிறது. வதந்தி அதை வாங்கி ‘நடக்கிறது’ என்று மாற்றிவிடுகிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். பெட்டி ஒன்று இரண்டு கிலோவுக்கு மேல். 4,000 என்றால் எட்டு டன்னைத் தாண்டும். தட்டுப்பாட்டுக் காலத்தில், ஆளுக்கு ஒன்று என்று கடைகள் விற்றுக்கொண்டிருந்தபோது எட்டு டன் சேர்த்தார்கள் என்றால், அமெரிக்கக் கடைக்காரர்களே முதலில் கூச்சல் போட்டிருப்பார்கள். சரி, சேர்த்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பதினைந்து பெட்டிகளை அடுக்கினால் ஒரு மீட்டருக்கும் அதிக உயரம், முப்பது கிலோவுக்கு மேல் எடை. ஒவ்வொன்றுக்கும் மின் இணைப்பு தனி. இது பறக்கும் கருவிக்குள் போகிற பொருள் அல்ல. தரையில் அறையில் வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

எமோஷன் எஞ்சின் நொடிக்கு 620 கோடி கணக்கு போடும் என்பது உச்ச எண். தாளில் அன்றைய பென்டியம் 3 கணினிகளை முந்தியது. அந்தத் திறனில் பெரும்பகுதி இரண்டு தனிப் பிரிவுகளில் இருக்கிறது. அவற்றுக்கு நேரடியாக நிரல் எழுதுவது எவ்வளவு பாடு என்பது அந்தக் காலத்து விளையாட்டு நிறுவனங்களைக் கேட்டால் தெரியும். சோனியின் கருவிகளும் கையேடுகளும் கையில் இருந்தும் முதல் வருடம் திணறினார்கள். முதன்மை நினைவகம் 32 மெகாபைட்தான். 2000-இல் விற்ற பெட்டியில் நெட்வொர்க் வசதி கிடையாது. முன்பக்கம் யூஎஸ்பியும் ஐ.லிங்க் துளையும் இருந்தன, நெட்வொர்க் அடாப்டர் பிறகுதான் வந்தது. லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஓட்டுவதற்கான தொகுப்பை அமெரிக்காவில் சோனி விற்றது 2002-இல். எனவே 2000 டிசம்பரில் பதினைந்தைக் கட்டி ஓட்ட வேண்டும் என்றால் எல்லாவற்றையும் பாக்தாத்தில் உட்கார்ந்து தானே எழுத வேண்டும்.

இன்னொரு நுணுக்கம். அந்தச் சிப் தசம எண்களை 32 பிட்டில் வைத்துக்கொள்ளும். கணக்கின் கடைசி இலக்கத்தை முறைப்படி முழுமையாக்காமல் வெட்டிவிடும், வேகத்துக்காக. விளையாட்டில் ஒரு பிக்சல் இடறினால் யாருக்கும் தெரியாது. பறக்கும் கருவியின் நிலையை நொடிக்கு நூறு தடவை கூட்டிக்கொண்டே போகும் கணக்கில், வெட்டிய துணுக்குகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சேரும். சரிசெய்ய வழி உண்டு. ஆனால் அதைச் சரிசெய்யத் தெரிந்த ஆளுக்கு இந்தப் பெட்டியே தேவைப்படாது.

உண்மையான ஓட்டை இதுதான். ஏவுகணையை வழிநடத்த அவ்வளவு கணிப்புத் திறன் வேண்டியதில்லை. நிலவுக்கு மனிதரைக் கொண்டுபோன அப்போலோ கலத்தின் வழிகாட்டிக் கணினியில் மாற்றி எழுதக்கூடிய நினைவகம் 2,048 சொற்கள், ஏறக்குறைய 4 கிலோபைட். பிளேஸ்டேஷன் 2-இல் இருந்தது அதைப்போல 8,000 மடங்கு. ஏவுகணையில் விலை உயர்ந்ததும் கிடைக்காததும் கணினி அல்ல. எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பினோம், எவ்வளவு வேகம் கூடியது என்று பிசகாமல் சொல்லும் கைரோஸ்கோப்பும் முடுக்கமானியும்தான். தவறான அளவை எத்தனை வேகமாகப் பெருக்கினாலும் வருவது தவறான விடை. இராக்கில் நடந்த ஆளில்லா விமான முயற்சிகளும் இந்தத் தரத்தில்தான் இருந்தன. எல்-29 என்ற செக் நாட்டுப் பயிற்சி விமானத்தை விமானி இல்லாமல் ஓட்டப் பார்த்தார்கள். 2003 மார்ச்சில் பத்திரிகையாளர்களைக் கூட்டிக்காட்டிய டிரோனின் இறக்கை பால்சா மரம், பல இடங்களில் ஒட்டுநாடா. போருக்குப் பிறகு ஆயுதங்களைத் தேடி நாட்டையே சல்லடை போட்டுச் சலித்த இராக் ஆய்வுக் குழுவும் பிளேஸ்டேஷனால் ஓடிய எதையும் கண்டதாக அறிவிக்கவில்லை.

கைரோஸ்கோப் என்றதும் என் சொந்தக் கதை. சில வருடங்களுக்கு முன் ஒரு வேளாண் கருவிக்காக, கைபேசியில் இருப்பதைவிடச் சற்றுத் துல்லியமான, கட்டைவிரல் நகம் அளவுள்ள அசைவு உணரி இரண்டு கேட்டு வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவருக்கு எழுதினேன். வந்தது உணரி அல்ல, ஒரு படிவம். இறுதிப் பயனாளர் யார், எந்த ஊரில் நிறுவப்படும், அணு ஆயுதம், வேதி ஆயுதம், ஏவுகணை ஆகியவற்றுக்குப் பயன்படுத்தமாட்டேன் என்று கையெழுத்து, நிறுவன முத்திரை. ‘இறுதிப் பயன்பாடு’ என்ற கட்டத்தில் ‘களை எடுக்கும் வண்டி’ என்று எழுதினேன். விளக்கம் கேட்டுத் திரும்பி வந்தது. வண்டியின் படத்தை இணைத்தேன். மண்ணும் சேறுமாக நின்ற அந்த வண்டியைப் பார்த்த பிறகுதான் அவர்களுக்கு நிம்மதி. இரண்டு உணரியும் வந்துசேர ஏழு வாரம். ஆத்திரம் வந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: கேட்க வேண்டிய பொருளைத்தான் கேட்டார்கள். கணினியைக் கேட்பதைவிட உணரியைக் கேட்பது அறிவுள்ள காரியம். ஐடியூன்ஸ் உரிம ஒப்பந்தத்திலும் இதே உறுதிமொழி இருந்தது, பாட்டுக் கேட்கும் மென்பொருளால் அணு ஆயுதம் செய்யமாட்டேன் என்று. அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஜிபிஎஸ் கருவியிலும் இந்தப் புத்திசாலித்தனமான வகைக் கட்டுப்பாடு உண்டு. 18 கிலோமீட்டர் உயரத்தையும் மணிக்குச் சுமார் 1,850 கிலோமீட்டர் வேகத்தையும் தாண்டினால் சாதாரண ஜிபிஎஸ் சிப் வேலையை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது பழைய விதி. அந்த உயரத்தில் அந்த வேகத்தில் போவது கார் அல்ல. சில தயாரிப்பாளர்கள் இரண்டில் ஏதாவது ஒன்று தாண்டினாலே நிறுத்தும்படி எழுதிவிட்டார்கள். விளைவு, பொழுதுபோக்காக வானிலை பலூன் விடுகிற மாணவர்களின் கருவி 18 கிலோமீட்டருக்கு மேலே மெதுவாக மிதக்கும்போதே குருடாகிவிடும். ஜப்பான் பிளேஸ்டேஷனைப் பட்டியலில் போட்டதற்கு மறுமாதம், 2000 மே தொடக்கத்தில், பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை கிளிண்டன் அரசு நீக்கியது. 100 மீட்டர்வரை தடுமாறிக்கொண்டிருந்த கருவிகள் ஒரே இரவில் 20 மீட்டருக்குள் சொல்லத் தொடங்கின. ஆளில்லா விமானம் செய்ய நினைத்தவருக்கு அந்த ஆண்டு கிடைத்த பெரிய பரிசு எது என்று கேட்டால், நான் பிளேஸ்டேஷனைச் சொல்லமாட்டேன்.

இராக்கில் நடக்காதது அமெரிக்காவில் நடந்தது. 2003-இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் சூப்பர் கணினி மையம் சுமார் 70 பிளேஸ்டேஷன் 2 பெட்டிகளை லினக்ஸ் போட்டுக் கட்டிப் பார்த்தது, செலவு 50,000 டாலர் அளவு. முடியும் என்று காட்டினார்கள். நான் மேலே சொன்ன 32 மெகாபைட் கழுத்தைப் பிடித்தது. அடுத்த தலைமுறையான பிளேஸ்டேஷன் 3-இல் கதை மாறியது. அதன் செல் சிப் உண்மையிலேயே கணக்குப் புலி. நியூயார்க் மாநிலத்தின் ரோம் நகரில் உள்ள அமெரிக்க விமானப்படை ஆராய்ச்சிக் கூடம் 1,760 பிளேஸ்டேஷன் 3 பெட்டிகளை வாங்கி, கழுகின் பெயரான காண்டோர் என்று பெயர் வைத்து, 2010-இல் ஓடவிட்டது. செலவு இருபது லட்சம் டாலர் அளவு. ரேடார் படங்களைத் தெளிவாக்குவது போன்ற வேலைகளுக்கு அதைப் பயன்படுத்தினார்கள். ஏன் மலிவு? கன்சோல் நிறுவனங்கள் பெட்டியை அடக்க விலைக்கும் குறைவாக விற்று, விளையாட்டு விற்பனையில் அதை ஈடுகட்டும் வழக்கம் உள்ளவர்கள். விளையாட்டே வாங்காத விமானப்படை அந்த நஷ்டத்தை லாபமாக எடுத்துக்கொண்டது. அதே 2010 ஏப்ரலில் சோனி ஒரு மென்பொருள் புதுப்பிப்பின் மூலம் லினக்ஸ் போடும் வசதியையே பிடுங்கிவிட்டது. பழுதான பெட்டிக்கு மாற்றாகப் புதியது வாங்க முடியாத நிலை, கடைச் சரக்கை நம்பிக் கட்டிய எவருக்கும் வருகிற நிலைதான்.

இப்போது வந்துகொண்டிருக்கிற இதே வகைச் செய்திகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேள்வி அங்கேதான் போகும். 2022 மே மாதம் அமெரிக்க வர்த்தக அமைச்சர் ஜீனா ரைமண்டோ, ரஷ்ய இராணுவத் தளவாடங்களில் பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் சிப்பும் குளிர்பதனப் பெட்டியின் சிப்பும் இருந்ததாக உக்ரேனியர்கள் சொன்னார்கள் என்று செனட்டில் சொன்னார். செப்டம்பரில் ஐரோப்பிய ஆணையத் தலைவரும் அதையே பேசினார். பாத்திரம் கழுவும் இயந்திரம் வாய்மாறிச் சலவை இயந்திரம் ஆகி, அதைப் பிய்த்து ஏவுகணை செய்கிறார்கள் என்று உலகம் சிரித்தது. அந்த ஆகஸ்டில் லண்டனில் உள்ள ரூசி என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், 27 ரஷ்ய ஆயுத அமைப்புகளைப் பிரித்துப் பார்த்து 450 வெளிநாட்டு உதிரிகளைக் கண்டதாக வெளியிட்டது. அவை பெரும்பாலும் அமெரிக்கச் சிப்புகள், இடைத்தரகர்கள் வழியாக வாங்கக்கூடிய சரக்கு. சலவை இயந்திரத்தில் இருப்பது ஒரு சிறிய கட்டுப்பாட்டுச் சிப். அதைச் சூடுகாட்டிப் பிடுங்கும் கூலியைவிடப் புதிய சிப்பின் விலை குறைவு. வெண்ணெயை வைத்துக்கொண்டு யாரும் நெய்க்கு அலைவதில்லை. ‘சலவை இயந்திரச் சிப்’ கதையின் தீங்கு என்னவென்றால், எதிரி திண்டாடுகிறான் என்ற ஆறுதலைக் கொடுத்து, உண்மையான வழித்தடத்தில் இருந்து கண்ணைத் திருப்பிவிடுவது.

அதற்காக வீட்டுச் சாமான் போர்க்களத்துக்கு வருவதே இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். 2022 ஏப்ரலில் உக்ரேன் பாதுகாப்பு அமைச்சகம் ரஷ்யாவின் ஓர்லான்-10 உளவு டிரோன் ஒன்றைப் பிரித்துக் காட்டியது. உள்ளே கடையில் கிடைக்கும் கேனான் கேமரா. அதன் தலையில் இருக்கும் திருகு, பறக்கும்போது நகராமல் இருக்கப் பசைபோட்டு ஒட்டியிருந்தார்கள். எரிபொருள் தொட்டிக்கு மூடியாகப் பிளாஸ்டிக் பாட்டிலின் மூடி. 2000-இல் ஜப்பான் பயந்தது தன் நாட்டு விளையாட்டுப் பெட்டியைப் பார்த்து. வந்து மாட்டியது தன் நாட்டுக் கேமரா.

எண்ணைப் பார்த்துக் கோடு போடும் வழக்கமும் போகவில்லை. 2023 அக்டோபரில் அமெரிக்கா சீனாவுக்கான சிப் விதிகளை இறுக்கியபோது, விளையாட்டுப் பிரியர்கள் வாங்கும் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் அட்டையும் கோட்டைத் தாண்டியதால் மாட்டிக்கொண்டது. அந்த டிசம்பரிலேயே 16,384 கணிப்பு அலகுகளை 14,592 ஆகக் குறைத்து, 4090டி என்ற பெயரில் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும் அட்டையை என்விடியா சீனாவுக்காகவே செய்துவிட்டது. சீனாவும் சும்மா இல்லை. அதே 2023 செப்டம்பர் 1 முதல் டிரோன்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

இனி உங்கள் கேள்வியின் நேரான வாரிசு. 2025 பிப்ரவரி 24 அன்று ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்யாவுக்கு எதிரான பதினாறாவது தடைத் தொகுப்பை வெளியிட்டது. அதில் ஏற்றுமதி செய்யக்கூடாத பொருட்களில் ஒன்று வீடியோ கேம் கன்ட்ரோலர், அதாவது கையில் பிடித்து விளையாடும் அந்தக் கட்டுப்பாட்டுக் கருவி. காரணம், ரஷ்ய இராணுவம் டிரோன்களை ஓட்ட அதைப் பயன்படுத்துகிறது. இந்தத் தடவை யாரும் நொடிக்கு எத்தனை கோடி என்று எண்ணவில்லை. களத்தில் கையில் இருப்பதைப் பார்த்து எழுதினார்கள். அமெரிக்கக் கடற்படைக்கு இது ஏழு வருடம் முன்பே தெரியும். 2018-இல் பணியில் சேர்ந்த யூஎஸ்எஸ் கொலராடோ நீர்மூழ்கிக் கப்பலில், வெளியே பார்க்கும் கேமராத் தண்டைத் திருப்ப எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரைத்தான் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன் இருந்த இராணுவத் தயாரிப்பின் விலை 38,000 டாலர் என்று சொல்லப்பட்டது. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் முப்பது டாலருக்கும் குறைவு என்றார்கள். பழைய கருவியைப் பிடித்துப் பழகப் பல மணிநேரம் பயிற்சி தர வேண்டியிருந்ததாம். புதியதைக் கையில் கொடுத்ததும் இளம் மாலுமிகள் சில நிமிடங்களில் பிடித்துக்கொண்டார்கள்.